தானியங்கி என்று சொல்லாதீர்கள்



ரோபோவை எந்திரன் என்கிறோம், எந்திர மனிதன் என்கிறோம், தானியங்கி என்கிறோம். எல்லாம் ஒன்றுதான் என்று இருந்துவிடுகிறோம். ஒன்றல்ல என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரோபோ என்ற சொல்லை 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் தன் நாடகத்தில் எழுதினார். எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். அதன் வேரான ரொபோட்டா என்றால், குடியானவன் தன் பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய வேலை. அதை வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1775இல், செக் மண்ணை அப்போது ஆண்ட ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா ஆணை போட்டார். மூன்று நாள் உழைப்பைப் பறிப்பது சட்டப்படி சரியாக இருந்த காலம் அது!

நமக்கு இது புதிதா? சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊருக்கும் அரசுக்கும் கூலி வாங்காமல் உழைப்பதற்கு அங்கே வெட்டி என்று பெயர். உழைத்தவன் வெட்டியான். அவன் வியர்வைக்கு இருந்த பெயரைப் பயனற்ற வேலைக்குப் பெயராக்கி, 'வெட்டி வேலை' என்று கூசாமல் சொல்கிறோம். எனக்கு இது நெஞ்சு பொறுக்கவில்லை.

1848இல் ஆஸ்திரியப் பேரரசு ரொபோட்டாவை ஒழித்தது. அதே ஆண்டு பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஆள் தேடி எங்கே வந்தார்கள்? இங்கே, அவர்கள் ஆண்ட இந்தக் காரைக்கால் துறைமுகத்துக்கு! 1861இல் ஆங்கிலேயரோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நம் சனங்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். சங்கப் பாட்டில் கரும்பு ஆலைக்கும் எந்திரம் என்று பெயர் உண்டு. அந்த எந்திரத்துக்குக் கரும்பு கொடுக்கத்தான் நம் முன்னோர் கப்பலேறினார்கள்.

ரோபோ வேற்றுமொழிச் சொல், விரட்டுங்கள் என்கிறார்கள் தமிழன்பர்கள். ஐயா, உழைப்பைப் பறிகொடுத்தவன் நினைவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இருக்கட்டும், விடுங்கள்!

2010இல் வந்த ரஜினி படத்துக்குப் பிறகு எந்திரன் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆண்பால் விகுதி சேர்த்து இரும்பை ஆளாக்கினால், நாளை அது செய்யும் தீங்குக்கும் அதுவே குற்றவாளி; செய்தவரும் வாங்கியவரும் தப்பிவிடுவார்கள். திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் பறக்கும் மயில் வடிவ எந்திரத்தை மயிற்பொறி என்றே சொன்னார். வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். திருகிய கை அதில் பறந்த அரசி விசயையின் கை என்று காவியமே சொல்லிவிடுகிறது.

தானியங்கி என்ற சொல் அந்தக் கையையே மறைத்துவிடுகிறது. பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்காமலிருக்கக் கேரள இளைஞர்கள் ஒரு ரோபோ செய்தார்கள். பேண்டிகூட் என்று பெயர், நம் பெருச்சாளிதான். 2018இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது, பக்கத்துக் கும்பகோணத்துக்கும் வந்தது. குழிக்குள் போவது பொறி. மேலே திரையைப் பார்த்து அதை இயக்குபவர் துப்புரவுத் தொழிலாளி. தானியங்கி என்று நகராட்சிப் பதிவேட்டில் எழுதினால், அவருக்கு அங்கே என்ன வேலை, எதற்குச் சம்பளம் என்று நாளை கேட்பார்கள்!

ஆகவே என் கோரிக்கை இது. ரோபோ என்றோ பொறி என்றோ எழுதுங்கள். அதே வரியில் இயக்குநர் என்ற பணிப்பெயரையும் ஊதியத்தையும் எழுதுங்கள். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மறுவாழ்வு தரச் சொல்கிறது. நேற்றுவரை குழிக்குள் இறங்கியவர்களுக்கே அந்தப் பணியை முதலில் கொடுங்கள்!