நிறைந்த பணியும் நிற்கும் பணியும்

(திருக்குடமுழுக்கு விழா அவையில் நிகழ்ந்த சொற்பொழிவு)



திருக்கோயிலிலே திருப்பணி தொடங்குங்கால் முதற்கண் நிகழ்வது பாலாலயம். மூலத்தானத்துப் பெருமானைக் கலசத்திலே ஆவாகனஞ் செய்து, சிறியதோர் இடத்தில் எழுந்தருளுவித்து வழிபடுவர். திருப்பணி முற்றியபின் யாகசாலை எழும். வேதிகையும் குண்டமும் அமைத்து, நான்கு காலம், ஆறு காலம், எட்டுக் காலம் என ஆற்றலுக்கேற்ப வேள்வி இயற்றுவர். இறுதியில் பூர்ணாகுதி நிகழும், கடங்கள் புறப்படும், குடத்து நன்னீர் விமானக் கலசத்தின்மீதும் மூலமூர்த்தியின்மீதும் ஆட்டப்பெறும். அதன்பின் யாகசாலை என்னாகின்றது? பந்தரைப் பிரிக்கின்றனர், குண்டத்தைக் கலைக்கின்றனர். நேற்றுவரை வலம்வந்து வணங்கிய இடம் இன்று வெறுந்தரையாகின்றது. அதுகண்டு வருந்துவார் ஒருவருமிலர். யாகசாலையின் பயன் கருவறையிற் சென்று சேர்ந்துவிட்டது என்பதை யாவரும் அறிவர்.

கோயிலில் இவ்வளவு எளிதாகத் தெளியும் இவ்வுண்மை வாழ்விலே தெளிவதில்லை. அலுவலினின்றும் ஓய்வு பெற்றவர் அந்நாற்காலியை நெஞ்சிற் சுமந்து திரிகின்றார். மகனுக்கு மணம் முடித்துத் தனிக்குடியும் வைத்த தந்தை, அவ்வீட்டின் உலைக்கு எத்துணை அரிசி என்பதையும் தாமே வரையறுக்க விழைகின்றார். அறச்செயலொன்றை முடித்தவர், கல்லிற் பொறித்த பெயர் வரிசையில் தம் பெயர் எங்கே என்று தேடுகின்றார். தோல்வியுற்றவர் நிலையும் இஃதே. என்றோ ஆறவேண்டிய புண்ணை நாடோறும் கீறிப் பார்க்கின்றார். வெற்றியைப் பற்றி நிற்பதும் தோல்வியைப் பற்றி நிற்பதும் பற்று என்னும் அளவில் ஒன்றே.

முடிந்த பணியினின்றும் செவ்வனே நீங்கியவர் எவரேனும் உளரோ எனின், அறுபத்து மூவருள் சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றைக் காண்க.

திருச்செங்காட்டங்குடியிலே மாமாத்திரர் மரபில் தோன்றியவர் பரஞ்சோதியார். ஆயுள்வேதமும் வடநூற்கலையும் படைக்கலத் தொழிலும் நிரம்பப் பயின்று, யானையும் குதிரையும் ஊர்தலில் வல்லவராய் அரசனிடம் படைத்தலைமை பூண்டார். வாதாபி நகரை வென்று, மணியும் பொன்னும் யானையும் குதிரையும் கொணர்ந்து மன்னன்முன் வைத்தார் எனப் பெரியபுராணம் கூறும். மன்னன் பெயரைச் சேக்கிழார் குறித்திலர். அவன் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் என்றும், வாதாபி வீழ்ந்தது 642ஆம் ஆண்டளவில் என்றும் வரலாற்றாசிரியர் கொள்வர். கருநாடக மாநிலத்தில் இன்று பாதாமி என வழங்கும் ஊரே அவ்வாதாபி.

வெற்றியைக் கண்டு வியந்த மன்னனுக்கு அமைச்சர், இவர் சிவபெருமான் திருத்தொண்டின் வலிமையுடையார். ஆகலின் இவரை எதிர்ப்பார் இலர் என்று உணர்த்தினர். அடியார் ஒருவரைக் கொடிய போரில் ஏவிவிட்டோமே என மன்னன் நடுங்கி, பொறுத்தருள வேண்டினான். அதற்குப் பரஞ்சோதியார், தமக்குரிய பணியைச் செய்ததில் தீங்கு யாதுளது என்ற கருத்தினராய் விடை கூறினார்.

அவ்விடையை ஊன்றி நோக்குதல் வேண்டும். வாதாபியை வென்றவன் யான் என்னும் செருக்கு அதில் இல்லை. வாளெடுத்து வாழ்ந்த காலம் வீணே என்னும் கழிவிரக்கமும் இல்லை. செய்யவேண்டிய காலத்தில் செய்யவேண்டியதைச் செய்தார், அது முடிந்தது. மன்னனும் நிரம்பிய நிதியம் அளித்து, விரும்பிய தொண்டு செய்க என விடை கொடுத்தான். இத்தகைய வீரரை இன்னுஞ் சில காலம் வைத்துக்கொள்வோம் என அவன் எண்ணினானல்லன். நீங்குவார்க்கு மட்டுமன்று, விடை கொடுப்பார்க்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.

ஊர் மீண்டவர் கணபதீச்சரத்துப் பெருமானை வழிபட்டார். திருவெண்காட்டு நங்கையாரை மணந்து இல்லறம் நடத்தினார். நாடோறும் அடியாரை முன் அமுதுசெய்வித்துப் பின்னரே தாம் உண்ணும் நியமம் பூண்டார். அடியார்முன் மிகச் சிறியராய் ஒழுகியதனால் சிறுத்தொண்டர் என்னும் பெயர் எய்தினார். பெரும்படைக்குத் தலைமை தாங்கியவர் சிறுமையைப் பெயராகப் பெற்று மகிழ்ந்தார். திருஞானசம்பந்தரும் அவ்வூர்ப் பதிகத்தில் அவரைச் சிறுத்தொண்டர் என்றே போற்றினார். பிற்காலத்தே வைரவர் கோலத்து வந்த பெருமான் அருமை மகனையே கேட்டபோதும் அந்நெஞ்சம் பின்னிடவில்லை. சீராளர் மீண்டு வந்தார் என்பது இறைவன் திருவருள். மீளும் என்று எண்ணித் தந்தை கொடுத்தாரல்லர்.

சித்தாந்தம் கூறும் வினையியலும் இதனோடு பொருந்தும். நுகர்ந்த வினை நுகர்ந்த அளவிலே கழிகின்றது. கழிந்ததனை, யான் செய்தேன், எனக்கு நேர்ந்தது என்று மீட்டும் பற்றும்போது ஆகாமியம் ஏறுகின்றது. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணியில் வழுவாது நிற்கும் நிலையை உணர்த்துதல் இதுபற்றியே. பணி இறைவனுடையதாயின், முடிந்தபின் அதனைச் சுமக்க இடமேது?

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லாவற்றையும் விட்டுவிடலாமோ எனின், அன்று. பரஞ்சோதியார் போர்க்களத்தின் நடுவே படையை விட்டு நீங்கினாரல்லர். முடியாததை விடுதல் மடி. முடிந்ததை விடாமை மயக்கம். மறத்தலும் வேண்டுவதில்லை. கற்ற பயிற்சியும் பெற்ற உதவிக்கு நன்றியும் நெஞ்சில் நிற்கலாம். உரிமை கொண்டாடுதல் ஒன்றே நீங்கவேண்டும்.

திருக்குடமுழுக்கு நிறைவுற்றதும் 48 நாள் மண்டலபூசை; அதன்பின் என்றும் நிகழும் நித்திய பூசை. கோபுரம் எழுப்புவார்க்குக் கிடைக்கும் புகழ் அதற்கில்லை. விடியலில் திருவலகிடவும், மாலையில் விளக்கேற்றவும், மாரிக்காலத்துத் தளத்தில் முளைக்கும் ஆலங்கன்றைக் களையவும் ஆள் வேண்டும். திருப்பணிக்கு ஓடியாடி உழைத்த அன்பர்கள் வரவுசெலவுக் கணக்கையும் சாவிக்கொத்தையும் உரியவரிடம் மனமார ஒப்படைத்து, மறுநாட் காலையில் ஊராரோடு ஒருவராய்க் கைகூப்பி வந்து நிற்பாராயின், அதுவே அவர்தம் பணிக்குப் பூர்ணாகுதி. 12 ஆண்டு கழித்து அடுத்த திருப்பணியைத் தொடங்கப்போகும் இளைஞனும் அன்று அருகே நிற்கக்கூடும். அவனுக்கு இடம்விட்டு ஒதுங்குதலும் சிவத்தொண்டேயாம்.

திருச்சிற்றம்பலம்.