பண்டிகை ஒரு நாள், தேவை வாரம் மூன்று நாள்

(நம் மருத்துவமனை ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் அளித்த செய்தி)



காணிக்கையைக் குறித்துப் பேசும்போது எவ்வளவு கொடுப்பது என்பதையே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். எத்தனை முறை கொடுப்பது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அந்த இரண்டாவது காரியத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அதற்கு உதவியாக, அண்மையில் நாங்கள் குடும்பமாகப் போய்வந்த இரண்டு நாள் பயணத்தைச் சொல்லுகிறேன்.

என் மனைவியின் தம்பி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்துக்கு அப்பால், தேரிக்காட்டு ஊர் ஒன்றில் குடியிருக்கிறார். செம்மணலும் பனையுமான பூமி. மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம் என்பார்கள். அதைத் தாண்டித்தான் அவருடைய ஊருக்குப் போகவேண்டும். மூன்று ஆண்டுகளாக அவர் தம் வீட்டு முற்றத்தில் ஓர் ஏலம் நடத்திவருகிறார். ஏலத்தில் சேரும் பணம் முழுவதும் டயாலிசிஸ் நோயாளிகளின் பஸ் கூலிக்குப் போகிறது. மருந்துக்கு அல்ல, படுக்கைக்கு அல்ல, பஸ் கூலிக்கு மட்டும்.

அதற்குக் காரணம் அவருடைய தெருவில் இருந்த ஒரு பனையேறி. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று முறை இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் இயந்திரத்தில் படுத்திருக்க வேண்டும். சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. ஒரு ரூபாய் கட்டவில்லை. ஆனால் அவருக்கும் துணைக்கு வரும் மகனுக்கும் போகவர 160 ரூபாய் ஆகும். சில மாதம் கடன் வாங்கிப் போனார். பிறகு கேட்க வெட்கப்பட்டு, "இப்போ கொஞ்சம் தேவலை" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இருதயமே நின்றுபோகும். அப்படித்தான் அவர் போனார். பஸ் கூலி இல்லாததுதான் காரணம் என்பது அடக்க ஆராதனை முடிந்த பின்புதான் தெருவுக்குத் தெரிந்தது.

பிரியமானவர்களே, இலவச சிகிச்சை இருக்கும்போது நம் உதவி எதற்கு என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்காக நாம் தேவனைத் துதிக்க வேண்டும். நம் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று மத்திய அரசின் கணக்கு சொல்லுகிறது. பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகும் வசதி 2021-ல் வந்தது. அதுவும் நல்ல உதவி. ஆனால் வெளியூர்ப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். துணைக்கு வருகிறவர் இழக்கும் நாள்கூலியை எந்த அட்டையும் தராது. வார்டில் நான் ஜெபிக்கப் போகும்போது பலர் முதலில் சொல்லுவது வலியை அல்ல, ஊருக்குத் திரும்பும் வழிச்செலவைத்தான்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். நானும் என் மனைவியும், மகள், மருமகன், பேரன் என ஐந்து பேர் இரவு ரயிலில் புறப்பட்டோம். மருமகன் கணக்கர். ரயிலிலேயே கணக்குப் போட்டுவிட்டார். "மாமா, ரயிலுக்கும் வேனுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து நமக்கு 7,800 ரூபாய் ஆகுது. ஒரு நோயாளிக்கு மாசம் 13 தடவை, 160 வீதம் 2,080 ரூபாய். நாம வீட்லயே இருந்து இந்தப் பணத்தை அனுப்பியிருந்தா, ஒருத்தருக்கு ஏறக்குறைய நாலு மாசம் பஸ் கூலி ஆகியிருக்குமே" என்றார்.

என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். தம்பி வீட்டுக்குப் போவதையும் கணக்குப் பார்ப்பதா என்று. எனக்கோ அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தர்மக் காரியத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு நம் சந்தோஷத்துக்குச் செலவழிப்பதையும் காணிக்கைக் கணக்கில் எழுதிவிடுகிற பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. "இரண்டையும் இரண்டு பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணச் செலவு நம்முடையது. காணிக்கை அதற்கு மேலே வரட்டும்" என்றேன்.

மறுநாள் மாலை முற்றத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, நாட்டுச் சேவல், கோழி முட்டை என்று அவரவர் வீட்டு விளைச்சல் வந்து குவிந்தது. ஏலம் தொடங்குமுன் மைத்துனர் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, போன ஆண்டுக் கணக்கை முழுவதும் சத்தமாக வாசித்தார். வரவு எவ்வளவு, எத்தனை பேருக்குக் கொடுத்தது, மீதி எவ்வளவு என்று சொன்னார். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஆன செலவை அவருடைய வீட்டாரே ஏற்றுக்கொண்டதையும் சொன்னார். நோயாளிகளின் பெயரை வாசிக்கவில்லை. "அவங்களுக்கு ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கணும்ல, அத்தான்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஒரு பூசணிக்காயை ஆறு பேர் ஏலம் எடுத்தார்கள். எடுத்தவர் ஒவ்வொருவரும் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார்கள். என் பேரன் கைதட்டிச் சிரித்தான். ஏலப் பாக்கி என்ற வியாதி நம் சபைகளுக்குத் தெரியும். கூவுகிறபோது இருக்கும் உற்சாகம் பணம் கட்டும்போது இருக்காது. அங்கே அதற்கு இடமில்லை. கையில் பணம் கொடுத்தாலோ, போனில் அனுப்பினாலோதான் பொருள் கைமாறும்.

எல்லாம் முடிந்தபின் மைத்துனர் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. "அத்தான், ஏலம் முடிஞ்ச மூணு மாசத்துக்குக் கவலையில்லை. அதுக்கப்புறம்தான் ராத்திரி தூக்கம் வராது. ஏலம் வருஷத்துல ஒரு நாள். அவங்க பஸ் ஏறுறது வாரத்துல மூணு நாள்."

அப்போஸ்தலனாகிய பவுல் எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்காகத் தர்மப்பணம் சேர்த்ததை நாம் அறிவோம். தான் வரும்போது அவசரமாய்ச் சேர்க்க வேண்டியிராதபடி, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கதை வீட்டிலே எடுத்துவைக்கும்படி கொரிந்து சபைக்கு எழுதினார். அந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் குறைசொல்லாதபடி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூட அனுப்பினார். ஒழுங்காய்க் கொடுப்பதும் கணக்கை வெளிச்சத்தில் வைப்பதும் அன்றே சேர்ந்து வந்தவை.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே படுக்கையோடு மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஷெல் என்ற ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரால் 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை எழும்பிற்று. பெரிய கொடை கட்டடத்தை எழுப்பும். ஆனால் அன்றாட ஊழியம் நடக்க வேறொரு கொடை வேண்டும். மிசோரம் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். நம் தாய்மாரும் பிடி அரிசிப் பானை வைத்தவர்களே. ஒரு பிடி எந்த வீட்டையும் ஏழையாக்காது; அது நிற்காமல் வருவதுதான் அதன் பலம்.

திரும்பி வரும் ரயிலில் மருமகன் மறுபடியும் காகிதத்தை எடுத்தார். "மாமா, வருஷத்துக்கு 156 தடவை, 24,960 ரூபாய். ஒரே தடவையில என்னால முடியாது. மாசம் 2,080 முடியும். ஒரு ஆளை நான் எடுத்துக்கிறேன்" என்றார். வீட்டிலிருந்தே பணம் அனுப்பியிருந்தால் அது நாலு மாதத்தோடு முடிந்திருக்கும். அந்த முற்றத்தில் உட்கார்ந்து கணக்கைக் காதால் கேட்டதனால் அது மாதந்தோறும் போகிறது.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. பண்டிகைக் காணிக்கையை நிறுத்தாதிருங்கள். அதோடு ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு தொகையை இந்த ஊழியத்துக்கென்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 160 ரூபாயானாலும் சரி. அது ஒரு மனிதரையும் அவர் மகனையும் ஒரு நாள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து வீடு சேர்க்கும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கணக்கைக் கேளுங்கள், கேட்பது அவிசுவாசம் அல்ல. முடிந்தால் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை வார்டுக்கு வந்து, ஜெபித்துப் போங்கள்.

உங்கள் தெருவில் யாராவது "இப்போ கொஞ்சம் தேவலை" என்று சொல்லி மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தியிருந்தால், பஸ் கூலி இருக்கிறதா என்று மெதுவாக விசாரியுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.