புழுக்கள் யாவும் ஓரினமா?

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



சில காலத்துக்கு முன் கத்தரித் தோட்டமொன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். செடிகள் நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்தன. இலைகள் வெளிறிக் காய்கள் சிறுத்திருந்தன. முந்திய போகத்தில் அதே பாத்தியில் நின்ற தக்காளிக்கும் இக்கதியே நேர்ந்ததாம். அப்போது வேரடியில் மண்புழுக்கள் நெளிந்ததைக் கண்ட தோட்டக்காரர், அவையே வேரைத் தின்கின்றன எனக் கருதிப் பூச்சிநாசினியைக் கரைத்துப் பாத்தியெங்கும் ஊற்றியிருந்தார். மண்புழுக்கள் மாண்டன. ஆனால், பயிரைக் கெடுத்த உயிர் அம்மண்ணிலேயே தங்கிவிட்டது.

அவரை நாம் குறைகூற முடியாது. சுவீடன் நாட்டு அறிஞர் இலினேயசு 1758ஆம் ஆண்டிலே விலங்குகளை வகைப்படுத்தியபோது மண்புழு, நத்தை, நட்சத்திரமீன் ஆகியவற்றையும் ‘புழுக்கள்’ என்னும் ஒரே வகுப்பில் அடக்கினார். பின்வந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்த பின்னரே இவை வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவை எனத் தெளிந்தனர். உடலமைப்பை அறிந்தால் வாழும் முறை விளங்கும். வாழும் முறை விளங்கினால் பரிகாரமும் விளங்கும். ஆதலின் மூவகைப் புழுக்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது தட்டைப்புழு. மாட்டின் ஈரலிற் காணப்படும் இலை வடிவான புழு இவ்வகையினது. இதன் உடற்சுவருக்கும் குடலுக்கும் நடுவே வெற்றிடமில்லை. குருதிக் குழாய்களுமில்லை. வாய் உண்டு, குதம் இல்லை. கழிவும் வாய்வழியே வெளியேறும். இதன் குஞ்சுகள் நீர்நத்தையினுள் வளர்ந்து, பின் புல்லில் ஒட்டி மாட்டினுட் புகும். மாட்டுக்குப் பகையாயினும் பயிருக்கு இது கேடு செய்வதில்லை.

இரண்டாவது வட்டப்புழு. நூல்போன்று உருண்டு, இருமுனையுங் கூம்பிய இதன் உடலில் வளையங்கள் இல்லை. வாயும் குதமும் உண்டு. குருதிக் குழாய்கள் இல்லை. தசைகள் யாவும் நீளவாட்டிலே அமைந்திருப்பதால் இது நீண்டு சுருங்கி ஊர இயலாது. மண்துணிக்கைகளைச் சூழ்ந்த நீர்ப்படலத்தில் பாம்புபோல நெளிந்தே செல்லும். பயிரைத் தாக்கும் வகைகளுக்கு வாயினுள் ஊசிபோன்ற உறுப்பொன்று உண்டு. வேர்முடிச்சு வட்டப்புழுவின் குஞ்சு அரை மில்லிமீற்றர் அளவே நீளமுடையது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அது வேர்நுனியைத் துளைத்து உட்சென்று ஓரிடத்தில் நிலைத்துச் சாற்றை உறிஞ்சும். பெண்புழு பேரிக்காய் வடிவாகப் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். அத்தோட்டத்தின் உண்மையான பகை இதுவே.

மூன்றாவது வளையப்புழு. நமது மண்புழு இதனைச் சேர்ந்தது. உடல் முழுதும் வளையங்கள். வளையந்தோறும் நுண்ணிய முட்கள். நீளவாட்டிலும் வட்டமாகவும் இருவகைத் தசைகள். ஆகவே நீண்டு சுருங்கி மண்ணைத் துளைத்துச் செல்லும். செங்குருதி குழாய்களில் ஓடும். நுரையீரல் இல்லாமையால் ஈரத்தோலினாலேயே மூச்சுவிடும். உயிருள்ள வேரைக் கடிக்கப் பல்லுமில்லை, துளைக்க ஊசியுமில்லை. உக்கிய இலைகுழையையும் மண்ணையும் உண்டு எருவாக்குவதே இதன் தொழில். இது செல்லும் வழியே நீரும் காற்றும் மண்ணினுட் புகும்.

இனி, பகையை எவ்வாறு அறிவது? வாடிய செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். வேரே ஆங்காங்கு பருத்து முடிச்சு முடிச்சாக இருப்பின் அது வட்டப்புழுவின் வேலை. பயறு, போஞ்சி முதலியவற்றின் வேரில் நன்மை செய்யும் பற்றீரியாக் கணுக்களும் உண்டு. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் எளிதில் உதிரும். வட்டப்புழு முடிச்சோ வேரின் வீக்கமே ஆதலால், வேரை முறிக்காமல் அதை நீக்க முடியாது. நெல்லைத் தாக்கும் ஓரினமும் உண்டு. அது புகுந்த வேரின் நுனி கொக்கிபோல வளைந்து தடிக்கும்.

முடிச்சைக் கண்டால் செய்யவேண்டியவை வருமாறு:

1. அறுவடை முடிந்ததும் வேர்களை மிச்சமின்றிப் பிடுங்கி உலர்த்தி எரியுங்கள். எருக்குழியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள்.

2. நாற்றுமேடையின்மீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தபின் விதையுங்கள். முடிச்சுள்ள நாற்றை நடவும் வேண்டாம், அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

3. தக்காளி, கத்தரி, வெண்டி ஆகியவற்றை ஒரே பாத்தியில் அடுத்தடுத்துச் செய்யாதீர்கள். நீர்வசதியுள்ள நிலமாயின் இடையில் ஒரு போகம் நீர்கட்டி நெல் செய்யுங்கள். நீர் தேங்கிநிற்கும் மண்ணில் இப்புழுக்கள் வெகுவாகக் குறையும்.

4. கோடையில் நிலத்தை உழுது வெயிலில் காயவிடுங்கள். ஈரமின்றேல் வட்டப்புழு நகர இயலாது.

5. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் கழுவாமல் வேறு தோட்டத்தில் இறங்காதீர்கள்.

நஞ்சை ஊற்றுவதற்கு முன் வேரை ஒருமுறை அலசிப் பாருங்கள் என்பதே தங்களிடம் நான் வேண்டுவது. அத்தோட்டக்காரர் அதனை முதற்போகத்திலேயே செய்திருப்பின், இரண்டாம் போகத்து உழைப்பும் பணமும் வீணாகியிரா; நிலத்தைப் பண்படுத்தும் மண்புழுக்களும் மடிந்திரா. ஐயமிருந்தால், அலசிய வேரை ஈரச்சாக்கிற் சுற்றித் தங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.