மறையும் நாதம்: பியானோ இசையும் அதை ஆக்கியோரும்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசத் தகுதி வாய்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் ஐரோப்பியப் பியானோ இசை. சொல்லே இல்லாத ஓர் இசையைப் பற்றி, சொல்லையே வாழ்வாகக் கொண்டவர்கள் நடுவில் பேசுவது சற்றுத் துணிச்சலான செயல்தான். ஆயினும் அந்த இசையை ஆக்கியவர்கள் எதிர்கொண்ட ஒரு சிக்கல் கவிஞர்களுக்கும் உரியது என்று கருதுகிறேன். அந்த ஒன்றை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் என்ன நிகழ்கிறது? உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே பின்வாங்குகிறது. அதன்பின் அந்தச் சுரத்தை வாசிப்பவரால் வளர்க்க முடியாது, வளைக்கவும் முடியாது. தட்டிய கணத்திலிருந்தே அது தேயத் தொடங்குகிறது. விரலை எடுத்தால் கம்பளித் துண்டொன்று கம்பியின்மேல் விழுந்து ஒலியை அடக்கிவிடும். எடுக்காமல் வைத்திருந்தாலும் ஒலி தானே மறையும். பாடகர் மூச்சு உள்ளவரை ஒரு சுரத்தில் நிற்கலாம். வயலின் கலைஞர் வில்லை இழுத்து நீட்டலாம். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். பியானோ வாசிப்பவருக்கு இவற்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை.

கர்நாடக இசையில் பழகிய செவிக்குப் பியானோ முதலில் வறண்டதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் பாதை அதில் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனிப் படிக்கட்டாக நிற்கிறது. இது குறைதான், அதை மறுத்து வாதிட நான் வரவில்லை. அந்தக் குறையிலிருந்து என்ன பிறந்தது என்பதே என் பேச்சு.

1700ஆம் ஆண்டையொட்டி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மெதிச்சி அரச குடும்பத்தாரிடம் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்ற கருவி வினைஞர் இக்கருவியை உருவாக்கினார். அதற்கு முன் புகழ்பெற்றிருந்த ஹார்ப்சிகார்டில் இறகுத் தண்டாலான சிறு முள் கம்பியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் அதில் ஒலியளவு ஏறத்தாழ ஒன்றே. கிறிஸ்தோபோரி சுண்டுவதை விட்டுவிட்டுத் தோல் போர்த்திய சிறு சுத்தியலால் தட்டும் முறையைக் கண்டார். விரலின் மென்மையும் வன்மையும் அப்படியே ஒலிக்குச் சென்றன. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மென்மை, 'ஃபோர்ட்டே' என்றால் வன்மை. இரண்டும் சேர்ந்திருந்த பெயர் காலப்போக்கில் சுருங்கி, மென்மை மட்டும் பெயராக நிலைத்தது. அவர் செய்த கருவிகளுள் மூன்று இன்றும் இருக்கின்றன. 1720இல் செய்யப்பட்டது நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவருடைய கண்டுபிடிப்பால் ஒலியின் பிறப்பின்மேல் இசைஞனுக்கு ஆட்சி கிடைத்தது. அதன் இறப்பின்மேல் கிடைக்கவில்லை. அடுத்த 200 ஆண்டுகளில் பியானோவுக்காக எழுதிய மேதைகள் ஒவ்வொருவரும் இந்த இறப்போடு தமக்குரிய முறையில் உறவு கொண்டார்கள்.

முதலில் பேத்தோவன். அவர் 1801இல் இயற்றிய சி ஷார்ப் மைனர் சொனாட்டாவை உலகம் 'நிலவொளி' என்று அழைக்கிறது. அது அவர் இட்ட பெயரன்று. கவிஞரும் விமரிசகருமான ரெல்ஸ்டாப் கூறிய ஓர் உவமையிலிருந்து பரவிய பெயர். பேத்தோவன் எழுதி வைத்த குறிப்பு வேறு. முதற் பகுதி முழுவதையும் மிக மென்மையாகவும், ஒலியை அடக்கும் துண்டுகளைக் கம்பிகளிலிருந்து உயர்த்தி வைத்தும் வாசிக்க வேண்டும் என்றார் அவர். அதாவது எந்தச் சுரத்தையும் தடுக்காதீர்கள், ஒன்று மறைவதற்குள் அடுத்தது அதன்மேல் படியட்டும் என்பது கட்டளை. அக்காலப் பியானோக்களில் ஒலி விரைவில் தேய்ந்ததால் அது மெல்லிய மூட்டமாக ஒலித்தது. இன்றைய கருவிகளில் ஒலி நெடுநேரம் நிற்பதால் அக்கட்டளையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் சுரங்கள் கலங்கிவிடும். ஆகவே கலைஞர்கள் காலடிப் பெடலை மாற்றி மாற்றி மிதிக்கிறார்கள். தம் செவி மங்கி வருவதை நண்பர்களுக்குப் பேத்தோவன் கடிதத்தில் தெரிவித்ததும் அதே 1801இல்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்த இசையைக் கேட்டுப் பாருங்கள்.

மறையும் ஒலியை உயிரோடு வைத்திருக்க இன்னொரு வழியும் உண்டு. அடுத்தடுத்த இரு கட்டைகளை மாறி மாறி விரைந்து தட்டினால் ஒலி நடுங்கிக்கொண்டே நிற்கும். 1822இல் முடித்த தம் 32ஆவது பியானோ சொனாட்டாவின் இறுதிப் பகுதியில், உச்சத்துச் சுரங்களில் இந்த நடுக்கத்தை நெடுநேரம் நீட்டி, அதனருகே பாட்டைப் படரவிடுகிறார் பேத்தோவன். அப்போது வெளியுலகின் ஒலி அவர் செவிக்கு ஏறக்குறைய எட்டாமற் போயிருந்தது.

அவருடைய இறுதி ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்திச் சென்றவர்களுள் ஒருவர் ஷூபர்ட். பேத்தோவன் மறைந்து சரியாக ஓராண்டு கழித்து, 1828 மார்ச் 26 அன்று, தம் படைப்புகளுக்கென்றே ஒரு பொது நிகழ்ச்சியை ஷூபர்ட் நடத்தினார். அவர் வாழ்நாளில் அத்தகைய நிகழ்ச்சி அது ஒன்றுதான். 600க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்து, கவிதையோடு வாழ்ந்தவர் அவர். அவ்வாண்டு செப்டம்பரில் பி ஃபிளாட் சொனாட்டாவை முடித்தார். நவம்பர் 19 அன்று தம் 31ஆம் வயதில் மறைந்தார். அந்தச் சொனாட்டா மிகத் தாழ்ந்த குரலில், வழிபாட்டுப் பாடல் போலத் தொடங்குகிறது. ஒரு வாக்கியம் முடியும் இடத்தில், இடக்கையின் அடியாழத்தில் ஒரு நடுக்கம் எழுகிறது. பேத்தோவன் உச்சத்தில் வைத்த அதே நடுக்கந்தான். ஷூபர்ட் அதை ஒலி உறுமலாக மாறும் ஆழத்தில் வைத்தார். உடனே மௌனம். பின்னர் அந்தப் பாட்டு, தான் கேட்டதைப் பற்றி ஒன்றும் கூறாமல், மீண்டும் தொடங்குகிறது. தொலைவில் இடி கேட்டபோது பேச்சை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவரைப் போன்ற நாகரிகம் அது. அந்த இடியைப் பற்றி ஒரு சொல் விளக்கியிருந்தாலும் நமக்கு அந்த அச்சம் வந்திராது.

அடுத்து ஷோப்பான். 1810இல் வார்சாவுக்கு அருகே பிறந்தவர். 1830 நவம்பரில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அம்மாதமே உருசிய ஆட்சிக்கு எதிராக அங்கே கிளர்ச்சி வெடித்தது. பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை. பாரிஸில் வாழ்ந்து, ஏறத்தாழ எல்லாவற்றையும் பியானோவுக்காகவே எழுதினார். தம் மாணவர்களை இத்தாலிய இசை நாடகப் பாடகர்களைக் கேட்கச் சொன்னார். நீட்ட முடியாத கருவியைப் பாட வைப்பதே அவர் வேட்கை.

1839இல் வெளிவந்த அவருடைய 24 பிரிலூடுகளில் நான்காவது, ஈ மைனரில் அமைந்தது. பிரிலூட் என்றால் முன்னிசை. வேறொன்றுக்கு முன்பாக வருவது. ஷோப்பானின் முன்னிசைகளுக்குப் பின்னே எதுவும் வருவதில்லை. இது வெறும் 25 தாள அளவுகளில் முடிந்துவிடுகிறது. நான்கடி முதல் எட்டடிக்குள் ஒரு வாழ்வை அடக்கும் குறுந்தொகையைக் கற்ற நமக்கு இந்தச் சுருக்கம் அந்நியமன்று. தொடக்கத்தில் வலக்கை அடுத்தடுத்த இரண்டு சுரங்களைவிட்டு நகர்வதே இல்லை. நீண்ட சுரம் ஒன்றைத் தட்டிவிட்டு அது தேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடக்கையோ இடைவிடாமல் கூட்டுச் சுரங்களை மென்மையாகத் தட்டியபடி, அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்குகிறது. மேலே உள்ள சுரம் மாறவில்லை. அடியில் நிலம் நழுவுவதால் அதன் பொருள் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. முடிவுக்குச் சற்று முன் ஒரு மௌனம். பின் மூன்று கூட்டுச் சுரங்கள், அவ்வளவே.

1849 அக்டோபர் 30 அன்று பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் ஷோப்பானின் இறுதிச் சடங்கு நடந்தபோது, இதே பிரிலூடை ஆர்கனில் வாசித்தார்கள். ஆர்கன் காற்றால் ஒலிப்பது. விரல் கட்டையில் இருக்கும்வரை அதன் சுரம் தேயாமல் நிற்கும். தேய்வதற்காகவே எழுதப்பட்ட அந்தச் சுரம், எழுதியவர் மறைந்த பிறகு, தேயாமல் நின்றது. அன்பின் செயல்தான் அது. ஆனால் அந்தப் படைப்பின் உயிர் அந்தத் தேய்வில்தான் இருந்தது.

இங்கே கவிஞர்களிடம் ஒன்று கூறத் துணிகிறேன். நம் கவியரங்குகளில் நல்ல வரியொன்றை இருமுறை படிப்பது வழக்கமாகிவிட்டது. கைதட்டல் வரத் தாமதமானால் மூன்றாம் முறையும் படிக்கிறோம். வரி மறைந்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். அதே அச்சந்தான் அச்சிலும் கவிதையின் இறுதியில் ஒரு விளக்க வரியாக வந்து நிற்கிறது. உள்ளுறையும் இறைச்சியும் வகுத்த மரபில் வந்த நாம், சொல்லாமல் விடும் துணிவை எங்கோ இழந்துவிட்டோமா? மேடைக்கு உரத்த குரல் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. பியானோவும் வன்மையாக ஒலிக்க வல்லதே. ஆனால் எவ்வளவு வன்மையாகத் தட்டினாலும் அந்தச் சுரமும் மறையத்தான் போகிறது. உரத்துக் கூறுவதால் நிலைபேறு கிடைத்துவிடாது.

இதனை நன்கு உணர்ந்தவர் ராபர்ட் ஷூமான். நூல் வணிகரின் மகன். ழான் பால் என்ற எழுத்தாளரின் நாவல்களில் திளைத்தவர். அவருடைய 'பட்டாம்பூச்சிகள்' 1831இல் முடிந்தது. முகமூடி நடனம் ஒன்றின் காட்சிகள் போல அமைந்த அதன் முடிவில், கடிகாரம் ஆறு முறை அடிக்கிறது, கூட்டம் கலைகிறது. இறுதியில் ஒரு கூட்டுச் சுரத்தை ஒலிக்கவிட்டு, அதன் சுரங்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விடுவிக்கச் சொல்கிறார். விரல்களைத் தூக்கித் தூக்கியே ஓர் இசை பிறக்கிறது.

1838இல் எழுதிய 'குழந்தைப் பருவக் காட்சிகள்' 13 சிறு படைப்புகளின் தொகுதி. தலைப்புகளை இசையை எழுதிய பிறகே இட்டார். 12ஆவதில் குழந்தை உறங்கத் தொடங்குகிறது. 13ஆவதன் பெயர் 'கவிஞன் பேசுகிறான்'. என்ன பேசுகிறான்? நிதானமான சில கூட்டுச் சுரங்கள், தயக்கங்கள், நடுவில் தாளக்கட்டு இல்லாமல் தனிக்குரலாக ஒரு சிறு முறையீடு, மறுபடியும் தொடக்கத்து அமைதி, பின்னர் மிகத் தாழ்ந்த ஒலியில் முடிவு. தொகுதி முழுவதிலும் கவிஞனுக்கென்று ஒதுக்கிய இடத்தில், அவனை மிகக் குறைவாகப் பேச வைத்தார் ஷூமான். உறங்கும் குழந்தையின் அருகில் வேறெப்படிப் பேச முடியும்?

பிற்காலத்தில் பிரான்சின் தெபுஸ்ஸி, 1910இலும் 1913இலும் வெளியிட்ட 24 பிரிலூடுகளில், தலைப்பைப் படைப்பின் முடிவில் சிறிய எழுத்தில் அச்சிடச் செய்தார். ஒலி அடங்கிய பின்னரே பெயர். தலைப்பைக் கொண்டு கவிதையைத் தாங்கிப் பிடிக்கும் நமக்கு இதுவும் சிந்திக்கத்தக்கது.

அப்படியானால் மறையும் ஒலி எவ்வாறு நம்மை வந்தடைந்தது? இதற்கு விடை ஒரு பெண்மணியின் வாழ்வில் இருக்கிறது. கிளாரா ஷூமான் 9 வயதில், 1828இல், லைப்சிக் நகரில் மேடையேறினார். 16 வயதில் தாம் இயற்றிய பியானோ கன்செர்ட்டோவை, மெண்டல்ஸன் இசைக்குழுவை நடத்த, அரங்கேற்றினார். 1840இல் ராபர்ட்டை மணந்து எட்டுக் குழந்தைகளைப் பெற்றார். கணவர் மனநோய்க்கு ஆளாகி ரைன் ஆற்றில் குதித்து மீட்கப்பட்டு, 1856இல் மருத்துவமனையிலேயே இறந்தார். அதன்பின் 1891 வரை கிளாரா ஊர் ஊராகச் சென்று வாசித்தார். கணவரின் படைப்புகள் அனைத்தையும் பதிப்பித்தார். தாளில் எழுதிய சுரத்திற்கு ஒலி இல்லை. ஒரு மாலையில் ஒருவர் தட்டி எழுப்பினால் அது எழும், உடனே மறையும். மறுநாள் இன்னொரு ஊரில் மீண்டும் எழுப்ப வேண்டும். அதை ஏறத்தாழ 35 ஆண்டுகள் சலிப்பின்றிச் செய்தவர் அவர்.

இந்த வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் இத்தகைய பணியே. ஒரு மாலைக் கூட்டத்தில் படித்த கவிதை, நாற்காலிகளை மடித்து வைப்பதற்குள் மறைந்துவிடக்கூடும். மறையட்டும். அதை வேறொரு நாள் வேறொருவர் நினைவிலிருந்து கூறினால் போதும். அந்த ஒருவர் கிடைக்கும்படியான கவிதையை எழுதுவது கவிஞர் கடன். அந்த ஒருவராக இருப்பது வட்டத்தின் கடன்.

நான் குறிப்பிட்டவற்றுள் ஷோப்பானின் நான்காம் பிரிலூடையும், ஷூமானின் 'கவிஞன் பேசுகிறான்' என்பதையும் ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டுமாகச் சில நிமிடங்களே ஆகும். கடைசிச் சுரம் அடங்கிய பின்னும் உடனே எழுந்துவிடாமல் சற்று அமர்ந்திருங்கள்.