தோலும் திறவுகோலும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா வேலை?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறேன்" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். "இஞ்சினியருக்குப் படிச்சது இதுக்கா?" என்று வீட்டிலேயே கேட்டாச்சு. ஆனாலும் அதில் நான் பட்ட பாடு உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தமிழில் ஒரு மாயாஜால விளையாட்டு செய்தோம். நம்ம மலைக்கோட்டை மாதிரி ஒரு கோட்டை. வீரன் உள்ளே போய் ஆயுதங்களைத் திரட்ட வேண்டும். பொருள்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழங்காலத்துக் கதையாச்சே, பழந்தமிழ்தான் பொருத்தம் என்று அகராதியைப் புரட்டினேன். சங்க இலக்கியத்தில் கேடயத்துக்குத் 'தோல்' என்றும் பெயர் உண்டு. அடடா என்று அதையே வைத்தேன்.

முதலில் விளையாடிப் பார்த்தவன் என் அக்கா மகன், ஏழாம் வகுப்பு. "தோல் எதுக்கு? குப்பை!" என்று தூக்கி வீசினான். அடுத்த வாசலில் அம்பு பட்டுச் செத்தான். இப்படியே மூன்று தடவை. பிறகு மெல்லக் கேட்டான்: "மாமா, இதை இங்கிலீஷ்ல மாத்திக்கலாமா?"

நண்பர்களே, எனக்குச் சுருக்கென்றது. தமிழுக்குத் தொண்டு செய்வதாக நினைத்து ஒரு பிள்ளையை ஆங்கிலத்துக்கு அனுப்பியிருக்கிறேன்!

அப்போ பழைய சொல்லே கூடாதா? அப்படியும் இல்லை. 'வளரி' அவனுக்குப் புதிய சொல். சிவகங்கைச் சீமையில் வழங்கிய, வளைந்த எறியாயுதம் அது. படத்தைப் பார்த்தான், எறிந்தான், பெயரையும் பிடித்துக்கொண்டான். சாவியைத் 'திறவுகோல்' என்று அவன் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனாலும், "திறக்கிற கோல்தானே" என்றான். சாவியோ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். பழங்கோட்டைக்குத் திறவுகோலே பொருத்தம். இன்னொன்று: உயிர் தரும் மூலிகைக்கு 'மருந்து' என்று எளிதாக வைத்தேன். "கசக்குமா?" என்றான். 'சஞ்சீவி' என்று மாற்றியதும் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டான்.

தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். இன்று வேறு பொருளில் தெரிந்த சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. தோலை எடுத்துவிட்டுக் கேடயம் என்றே போட்டேன். அதற்குப்பின் அவன் மொழியை மாற்றவில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஒரு வகைக்கு மாங்காய்ப் பூட்டு என்று பெயர். பார்த்தாலே விளங்கும், மாங்காய் வடிவம். நம்ம ஊர்ப் பட்டறையில் இருக்கிற இந்தத் தெளிவு எனக்கு அகராதியைப் புரட்டியபோது வரவில்லை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் செய்யும் மென்பொருளிலும் இயந்திரத்திலும் தமிழில் பெயர் எழுதுவீர்கள். எழுதியதை முதலில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் காட்டுங்கள். பூட்டு செய்கிற ஊரிலிருந்து சொல்கிறேன்: பெயர் பூட்டாக இருக்கக் கூடாது, திறவுகோலாக இருக்கணும்.