பத்துக் கையொப்பம், பதினான்கு நாள்



மொடக்குறிச்சியிலிருந்து தொடங்குகிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று வேட்புமனுவையே போராட்டமாக்கினார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகத் தடித்தது.

அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது, இன்று 10,000. மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. ஆறில் ஒரு பங்கு வாக்கைத் தாண்டாவிட்டால் பணம் திரும்பாது. நெரிசலைக் குறைக்க ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

என்னை உறுத்துவது முன்மொழிவோர் விதி. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றவர்களுக்கு அதே தொகுதி வாக்காளர் பத்துப் பேர் வேண்டும். பத்து பெரிய எண்ணா என்று கேட்கலாம். வாக்கு ரகசியம், முன்மொழிவு ரகசியமில்லை. யார் யாருக்குக் கையொப்பமிட்டார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஒரு தலித் அச்சமின்றி நின்று, அதில் நீடிக்க முடியாமல் பத்தாண்டுகள் கழிந்ததை நாம் பார்த்தோம். அது உள்ளாட்சித் தேர்தல், விதிகள் வேறு. அச்சம் ஒன்றுதான். கூலிக்குப் போகும் வீட்டு வாசலில் நின்று கையொப்பம் கேட்கும் சிறு கட்சிக்காரருக்கு அந்தப் பத்து எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அடுத்தது சின்னம். நம் ஊரில் கட்சியென்றால் சின்னம்தான். பெயரை மறந்தவரும் சின்னத்தை மறப்பதில்லை. அங்கீகாரமில்லாத கட்சிக்கு நிலையான சின்னம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தன் வேட்பாளர் எல்லோருக்குமான பொதுச்சின்னம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், முந்தியவருக்கே முன்னுரிமை. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சியின் கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போனது. நாம் தமிழர் ஒலிவாங்கியில் நின்றது. ஒரே ஒரு தொகுதியில் நின்ற மதிமுகவுக்குப் பம்பரம் கிடைக்கவில்லை. திருச்சியில் தீப்பெட்டியில் நின்றார்கள்.

திருச்சியில் தீப்பெட்டி வென்றதே, நாம் தமிழரும் எட்டு விழுக்காட்டைத் தாண்டி அங்கீகாரம் பெற்றதே என்பார்கள். உண்மை. ஆனால் ஒன்றுக்குப் பெரிய கூட்டணியின் தோள் இருந்தது. மற்றொன்றுக்குத் தமிழகம் முழுதும் அறிந்த முகம் இருந்தது. முதல்முறை நிற்கும் கட்சிக்கு இரண்டும் இல்லை. பொதுச்சின்னம் கிடைக்காத வேட்பாளருக்கு, மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே சின்னம் ஒதுக்குவார்கள். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதியளிக்கும் இடைவெளி பதினான்கு நாள். 1996க்கு முன் அது இருபது. நோட்டீஸ் அடித்து, சுவர் எழுதி, ஒரு மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் ஒரு புதுச் சின்னத்தைப் பதியவைக்க அந்த நாள்கள் போதாது.

அந்த ஆறு நாளைத் திருப்பித் தர வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. முன்மொழிவோர் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, பெயர் வரிசை. வாக்கு இயந்திரத்தில் இன்று அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்றவை அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று பெயர்களை அடுக்குகிறார்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே அகரவரிசையில் வைக்கக் கேட்கிறேன்.