பேரமல்ல, உரிமை
(அடி அண்ணாமலையில் ஆற்றிய உரை)



சாதிவெறியர்களால் கொல்லப்பட்டவரின் உடலை வாங்க மறுத்து உறவினர்கள் போராடினால், பிணத்தை வைத்துப் பேரம் பேசுவதாக ஏசுகிறார்கள். நான் கேட்கிறேன்: சட்டத்தில் இருப்பதைக் கேட்பது பேரமா?

1968-இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே இல்லை. 1989-இல் சட்டமும் 1995-இல் விதிகளும் வந்தன. கொலை வழக்கில் தீருதவிக்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டாம். 2016 திருத்தத்தின்படி, உடற்கூராய்வு முடிந்ததும் பாதித் தொகை; குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. காவல்துறை அதை இழுத்தடித்தால் பணமும் இழுபடும்.

காசோலையோடு கடமை முடிவதில்லை. மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புவரை கல்விச் செலவு ஆகியவற்றுக்கும் விதியில் இடமுண்டு. மூன்று மாதத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

துக்கத்தில் இருக்கும் தாயை வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பாதீர்கள். விதிநூலை எடுத்துக்கொண்டு நாமும் போவோம்.